பன்னெண்டு டிகிரி அண்ணன்

அறுபத்திரண்டு பேரை ஒரே மதியத்துல எட்டாம் வகுப்பு பி பிரிவுல சேர்த்தது நான்தான். அதுல ஒருத்தர் விவரத்தைக்கூட நான் பொய்யா எழுதலை. மெமோவுக்குப் பதில் எழுதும்போதும் இதைத்தான் எழுதினேன், இப்பவும் இதைத்தான் சொல்றேன்.

நான் மங்கையர்க்கரசி. கீழமுத்தூர் அரசு மேல்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சர். இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லை. 2072 செப்டம்பர்ல ஒரே ஒரு சுற்றுலா கூட்டிட்டுப் போனேன், மூணு வாங்கிட்டேன்.

சுற்றுலான்னா அணைக்கட்டு, மிருகக்காட்சி சாலை எல்லாம் இல்லை. 'செய்து பார் வரலாறு'ன்னு ஒரு திட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும் ஒரு போரை நேர்ல பார்க்கணும், அளக்கணும், தாள் நிரப்பணும். இருபது மார்க். வரலாறும் அறிவியலும் ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு மேலிடத்துல எந்த மகராசனோ யோசிச்சிருக்கார். பீரங்கிக் குண்டு எப்படிப் பறக்குதுங்கிறது அறிவியலாம். அது யார் மேல விழுதுங்கிறது வரலாறாம்.

பாடம் ஆறு, செங்கால்மேடு போர். புஸ்தகத்துல மொத்தமே மூணு வரி. 1783ல பாளையத்துப் படைக்கும் கும்பெனிப் படைக்கும் நடந்தது. கும்பெனி வென்றது. இரு தரப்பிலும் சேதம் குறைவு. இந்த மூணு வரிக்குத்தான் பஸ் வச்சுப் போனோம்.

அறிவியல் டீச்சர் அன்னிக்குப் பார்த்து லீவு. பதிவேட்டுல இருக்கிற முப்பத்தெட்டுல மூணு பேர் ஆப்சென்ட். மிச்சம் முப்பத்தஞ்சு பிள்ளைங்களை நானும் பி.டி. சார் அந்தோணிராஜும் மேய்ச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்தோம். செங்கால்மேடு ஒரு பொட்டல். ஒரு பக்கம் உட்கார்ந்து பார்க்க மேடை, எதிர்ப்பக்கம் நாலு பீரங்கி, பின்னாடி ஓவர்ஹெட் டேங்க் உசரத்துக்கு ரெண்டு தொட்டி. வழிகாட்டி பிரணவ்னு ஒரு தம்பி, காதோரம் மைக் மாட்டிக்கிட்டு வந்தான்.

"வணக்கம் குட்டீஸ்! 1783ல செத்தவங்க எலும்பு இந்த மேட்டுலதான் கிடைச்சது. அந்த எலும்புல இருக்கிறதைப் படிச்சு, தொட்டியில இருக்கிற கூழ்ல அவங்களையே வார்த்து எடுக்கிறோம். நடிகருங்க இல்லை, பொம்மை இல்லை. அசல் ஆளுங்க!"

"உயிர் இருக்குமா அண்ணா?"ன்னு நஸ்ரீன் கேட்டா. கேள்வி கேட்டே என் உயிரை வாங்குற பிள்ளை அவ.

"இருக்கும்மா. ஷோ முடியிற வரைக்கும் இருக்கும்."

"வலிக்குமா?"

பிரணவ் மைக்கைக் கையால பொத்திக்கிட்டான். "வலிக்கும். ஆனா சட்டப்படி அவங்க கற்பித்தல் உபகரணம். உங்க ஸ்கூல்ல உலக உருண்டை, எலும்புக்கூடு எல்லாம் எந்தப் பதிவேட்டுல இருக்கோ, அதே இருப்புப் பதிவேட்டுலதான் இவங்களும்."

பிள்ளைங்களுக்குப் புரியலை, எனக்கு நல்லாவே புரிஞ்சது. பள்ளிக்கூடத்துல எதுவா இருந்தாலும் ரெண்டே பதிவேடுதான். ஒண்ணு இருப்பு, இன்னொண்ணு வருகை. இருப்புல இருக்கிறது உடைஞ்சா கழிச்சு எழுதிடலாம். வருகையில இருக்கிறதுக்கு ஒரு கீறல் விழுந்தா நான் ஸ்டேஷன்ல நிக்கணும்.

பத்தரைக்கு முதல் ஷோ. குரூப்புக்கு ஒரு பீரங்கி, அது வாய் எத்தனை டிகிரி தூக்கியிருக்குன்னு அளக்கக் கையில ஒரு கோணமானி. நஸ்ரீன் குரூப்புக்கு மூணாம் நம்பர். பாளையத்துப் பக்கம் முன்வரிசையில ஒரு ஆள் வேல்கம்போட நின்னான். காதுல கடுக்கன், இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. "பன்னெண்டு டிகிரி டீச்சர்!"னு நஸ்ரீன் கத்தினா. பீரங்கி வெடிச்சது. புகை கலைஞ்சதும் பார்த்தா கடுக்கன்காரன் நின்ன இடத்துல வேல்கம்பு மட்டும் கிடந்துச்சு. மத்ததை நான் சொல்லப் போறதில்லை.

தாள்ல அடுத்த கட்டம் 'இழப்பு'. நஸ்ரீன் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. பின்வரிசையில ரெண்டு பேர் வாந்தி எடுத்தாங்க. அந்தோணிராஜ் சார் விசிலை ஊதி, "யாரும் அழக்கூடாது, மார்க்கு போயிடும்!"னாரு. அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு.

பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. டிரைவர் கிடையாது, மத்திய சமையல்கூடத்துலேர்ந்து தானா வரும். டப்பா அதைவிட உஷாரு. பதிவேட்டுல இருக்கிற பிள்ளை கட்டைவிரலை வச்சாத்தான் மூடி திறக்கும். உள்ளே சாம்பார் சாதம், ஒரு அவிச்ச முட்டை. மூணு பேர் வராததால மூணு டப்பா மிச்சம் கிடந்தது.

புளியமரத்தடியில பிள்ளைங்களை உட்கார வச்சேன். வேலிக்கு அந்தப் பக்கம், ரெண்டரை மணி ஷோவுக்கு வார்த்த ஆளுங்க வெயில்ல குந்தியிருந்தாங்க. பாளையத்தாளுங்க ஒரு கம்பிக்குள்ள, கும்பெனிச் சிப்பாயிங்க இன்னொரு கம்பிக்குள்ள.

"டீச்சர்! பன்னெண்டு டிகிரி அண்ணன்!"

நஸ்ரீன் காட்டின பக்கம் பார்த்தேன். அதே கடுக்கன், அதே தழும்பு, முழு ஆளா உட்கார்ந்திருந்தான்.  வேலிகிட்டப் போனேன்.

"உன் பேரு என்னப்பா?"

"இருளப்பன் தாயி."

"காலையில..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அவருக்கு அது தெரியாது மேடம்"ன்னான் பக்கத்துல வந்த பிரணவ். "எலும்புல பதிவாகியிருக்கிறது கடைசி நாள் காலை வரைக்கும்தான். எத்தனை தடவை வார்த்தாலும் அந்தக் காலையில எந்திரிக்கிற மாதிரிதான் எந்திரிப்பாங்க."

இருளப்பன் எங்க ரெண்டு பேரையும் பார்க்கலை. நஸ்ரீன் கையில இருந்த டப்பாவையே பார்த்துக்கிட்டிருந்தான். "சோறு தின்னு மூணு நாளாச்சு தாயி. சண்டை முடிஞ்சதும் பந்தின்னு சொல்லியிருக்காக. சுருக்க முடிஞ்சாத் தேவலை."

"இவங்களுக்குச் சாப்பாடு போட மாட்டீங்களா தம்பி?"

"அஞ்சு மணிக்குத் திருப்பித் தொட்டியில கரைக்கணும் மேடம். வயித்துல சோறு இருந்தா கூழ் புளிச்சிடும்."

ரெண்டு வருஷமா நடக்குற திட்டம். ஒரு நாளைக்கு ரெண்டு ஷோ. அத்தனை தடவையும் இந்த மனுஷன் பந்தியை நினைச்சுக்கிட்டே வெறும் வயித்தோட செத்திருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியைக் கல்லெடுத்து அடிச்சிருப்பேன். பிள்ளைங்க முன்னாடிங்கிறதால பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

நஸ்ரீன் யாரையும் கேட்கலை. கம்பி இடுக்குல டப்பாவை நீட்டினா. அவ கையை விட்டு விலகினதும் மூடி டப்புன்னு சாத்திக்கிச்சு. பிள்ளை சோத்தை வேற யாரும் தின்னக்கூடாதுங்கிற பாதுகாப்பு. இருளப்பன் விரலை எடுத்துக்கிட்டு, "தப்பாத் தொட்டுட்டேன் போல"ன்னு பின்னால நகர்ந்தான்.

அவ்வளவுதான். என் பையிலேர்ந்து வருகைப் பதிவேடு இருக்கிற தொடுதிரைப் பலகையை எடுத்தேன். 'புதுச் சேர்க்கை'யை அமுக்கினேன்.

"அப்பா பேரு?"

"சுடலை."

"எந்த வருஷம் பிறந்தே?"

"பிரமாதி வருஷம் தாயி. ஆவணி மாசம், பரணி நட்சத்திரம்."

பிறந்த தேதி கேட்டா தமிழ் வருஷம் சொல்ற குடும்பங்க எங்க பக்கம் இன்னும் உண்டு, அதனால பலகையில அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருக்காங்க. பிரமாதின்னு போட்டேன். தமிழ் வருஷம் மொத்தமே அறுபது, சுத்திச் சுத்தி அதே பேருதான் வரும். இருளப்பன் பிறந்தது 1759ல வந்த பிரமாதி. பலகை எடுத்துக்கிட்டது 2059ல வந்த பிரமாதி. 'வயது 13. எட்டாம் வகுப்புக்குத் தகுதி உண்டு'ன்னு பச்சை விளக்கு எரிஞ்சது.

நான் அதைத் திருத்தலை. அவன் சொன்னதைத்தான் எழுதினேன். இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடுறேன். நாப்பது பிள்ளைங்களுக்குக் குறைஞ்சா அந்தப் பிரிவை மூடிடுவாங்க, டீச்சர் உபரின்னு எங்கேயாவது மலைக்கு மாத்திடுவாங்க. எங்க பி பிரிவுல முப்பத்தெட்டு. அந்த நினைப்பு வரலைன்னு சொன்னா என் வாய் அழுகிடும். வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி சோறுதான் ஞாபகம் வந்துச்சு.

மிச்சம் கிடந்த டப்பாவுல ஒண்ணை நீட்டினேன், இருளப்பன் கட்டைவிரலை வச்சான். மூடி திறந்துக்கிச்சு. முட்டையை முழுசா வாயில போட்டு, கண்ணை மூடிக்கிட்டு மென்னான். நஸ்ரீன், "மெதுவாண்ணா, விக்கிக்கும்"னா.

பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சான். அவனுக்குப் பக்கத்துல இருந்தவனும் எந்திரிச்சான். மூணு டப்பாவும் தீர்ந்துச்சு. ஆனா புதுசாச் சேர்ந்த பிள்ளைக்கு இருபது நிமிஷத்துல சாப்பாடு போய்ச் சேரணும்னு சமையல்கூடத்துக்கு விதி. நான் பேர் சேர்க்கச் சேர்க்க வண்டி தன்னால வந்துக்கிட்டே இருந்துச்சு. சிப்பாயிங்களும் கம்பியைத் தாண்டி வந்துட்டாங்க. தள்ளுமுள்ளு ஆரம்பிக்கிறதைப் பார்த்ததும் அந்தோணிராஜ் சாருக்குக் கை சும்மா இருக்கலை. விசிலை ஊதினாரு. "டேய், உயரப்படி நில்லுங்கடா! குட்டையன் முன்னாடி, நெட்டையன் பின்னாடி!" ரெண்டு படையும் கலந்து உயரப்படி நின்னுச்சு. பாளையத்தான் முன்னாடி, சிப்பாய் பின்னாடி, தோள்ல கை வச்சு இடைவெளி எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் இள வயசு, பிரமாதிக்கு ஒரு வருஷம் முன்னப்பின்ன பிறந்தவங்க. மொத்தம் அறுபத்திரண்டு.

ரெண்டரைக்குப் பிரணவ் பட்டனை அமுக்கினான். நாலு பீரங்கி வாயிலயும் இரும்பு மூடி விழுந்துச்சு. ஒலிபெருக்கியில ஒரு பெண்குரல், "எச்சரிக்கை. களத்தில் மாணவர்கள் உள்ளனர்."

அவன் மேடையையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டு என்கிட்ட ஓடி வந்தான். "மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பேரையெல்லாம் எடுங்க!"

"டி.சி. வாங்காம பேரை எடுக்க முடியாது தம்பி."

"அப்ப டி.சி.யைக் கொடுங்க!"

"அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும்."

பிரணவ் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். அஞ்சு மணிக்குத் தொட்டியைத் திறக்கப் பார்த்தான், திறக்கலை. அதுக்கும் அதே பூட்டுதான். மாணவர்கள் ஆழமான இடத்துக்குப் பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு அறிவுரை வேற சொல்லுச்சு.

அஞ்சேகாலுக்கு இணை இயக்குநர் திரையில வந்தாரு. அவர்தான் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு. குரலை உயர்த்தலை, அதுதான் பயமா இருந்துச்சு.

"டீச்சர், பிரிவைக் காப்பாத்தப் போலியாச் சேர்த்திருக்கீங்க. ஒத்துக்குங்க, ஒரு மெமோவோட விட்டுடுறேன். போலின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேரெல்லாம் தானா அழிஞ்சிடும்."

"அழிஞ்சா இவங்க என்ன ஆவாங்க சார்?"

"தொட்டி திறந்துக்கும்."

திரும்பிப் பார்த்தேன். இருளப்பன் புளியமரத்தடியில டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வச்சிட்டு, அடுத்தவன் டப்பாவையும் வாங்கிக் கழுவிக்கிட்டிருந்தான்.

"போலிச் சேர்க்கைன்னா பேரைக் கூப்பிட்டா பதில் வராது சார். நான் கூப்பிடுறேன், நீங்களே கேளுங்க." பலகையை எடுத்தேன். "இருளப்பன்!"

அவன் முழிச்சான். நஸ்ரீன் காதுல ஏதோ சொன்னா. எந்திரிச்சு நின்னு, "உள்ளேன் அம்மா!"ன்னான்.

அறுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருத்தன் பாக்கியில்லாம சொன்னான். கடைசிச் சிப்பாய் முடிக்கிற வரைக்கும் இணை இயக்குநர் பேனாவால எண்ணிக்கிட்டிருந்தாரு. அப்புறம், "இவங்களுக்கு ஏதாவது ஆனா நீங்கதான் பொறுப்பு"ன்னுட்டுத் திரையை அணைச்சிட்டாரு. இருபத்தேழு வருஷமா எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானே.

சீட்டுக்கு மூணு பேரா உட்கார வச்சு பஸ்ல கூட்டிட்டு வந்தேன். ராத்தங்கல் பள்ளிக்கூடத்துல. மறுநாள் முதல் பீரியட்ல பாடம் ஆறையே எடுத்தேன். எப்படியும் அவங்களுக்கு ஒரு நாள் தெரியணும். "இரு தரப்பிலும் சேதம் குறைவு"ன்னு வாசிச்சு முடிச்சதும் இருளப்பன் கையைத் தூக்கினான்.

"சேதம்னா என்ன தாயி?"

"செத்தவங்கப்பா."

கிளாஸ் பூரா ஒரு சுத்து பார்த்தான். "அப்ப நாங்க?"

நான் புஸ்தகத்தை மூடினேன். நஸ்ரீன் முந்திக்கிட்டா. "ஆமாண்ணா. நீங்க பன்னெண்டு டிகிரி."

இருளப்பன் எந்திரிச்சு நின்னான். "பந்திக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி"ன்னேன்.

"அதானே பார்த்தேன்"ன்னு உட்கார்ந்துட்டான். 

பதினோரு மணிக்குப் பிரணவ் போன் பண்ணினான். குரல் அழுகிற மாதிரி இருந்துச்சு. "மேடம், இன்னிக்குக் காலையிலயும் வார்த்துடுச்சு. மார்ச் வரைக்கும் அட்டவணை தலைநகர்லயே போட்டிருக்காங்க, நிறுத்துற பட்டன் என்கிட்ட கிடையாது. வந்து நின்னா எல்லாம் அதே விரல் ரேகை. உங்க பிள்ளைங்கன்னு பீரங்கி வெடிக்க மாட்டேங்குது, தொட்டி திறக்க மாட்டேங்குது. நான் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன்."

"யாரைப்பா?"

"அவங்களையேதான் மேடம்."

சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குப் பஸ் வந்துச்சு. கடுக்கனும் தழும்புமா இன்னொரு இருளப்பன் முதல்ல இறங்கினான். எங்க இருளப்பன் கையில டப்பாவோட வராண்டாவுல நின்னான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கண்ணாடியில தன் முகத்தையே பார்த்தறியாதவங்க போல, அதுல ஒண்ணும் அதிசயம் தெரியலை அவங்களுக்கு.

"இங்ஙன சோறு போடுவாகளா?"ன்னு வந்தவன் கேட்டான்.

"போடுவாக. முட்டையும் உண்டு."

அதே நேரம் பலகையில இணை இயக்குநர் உத்தரவு வந்து நின்னுச்சு. ஒரு பெயருக்கு ஒருவரே மாணவர். எஞ்சியவரை இருப்புப் பதிவேட்டுக்கு மாற்றவும். மாணவர் யார் என்பதை வகுப்பாசிரியரே முடிவு செய்து மாலை நாலு மணிக்குள் தெரிவிக்கவும். சத்தமா வாசிச்சிருக்கக் கூடாது. பழக்க தோஷம், எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் கிளாஸ்ல வாசிச்சுடுவேன்.

 இருளப்பன் விரலை வச்சு டப்பாவைத் திறந்தான். அவன் கையை விட்டா மூடிக்கும்னு தெரியுமே, அதனால டப்பாவைத் தானே பிடிச்சுக்கிட்டு, வந்தவனைப் பக்கத்துல உட்கார வச்சு, முட்டையை எடுத்து அவன் வாயில ஊட்டினான். ஊட்டிக்கிட்டே என்னைப் பார்க்காம சொன்னான்.

"அவனை எழுதிக்கங்க தாயி. நான் நேத்தே தின்னுட்டேன்."

எனக்கு அழுகை வந்துடுச்சு. பிள்ளைங்க முன்னாடி அழுதேன், முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நல்லாவே அழுதேன். அந்தோணிராஜ் சார் விசிலை எடுத்தாரு, ஊதாம பையிலயே போட்டுக்கிட்டாரு.

அப்புறம் மூக்கைச் சிந்திட்டுப் பலகையை எடுத்தேன். எனக்கும் சட்டம் தெரியும். 'புதுச் சேர்க்கை.' அப்பா பேரு சுடலை. பிரமாதி, ஆவணி, பரணி. 'இதே முகம் பதிவில் உள்ளது'ன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சது. 'இரட்டையர்'னு ஒரு கட்டம் இருக்கு, அதை அமுக்கினேன். 'இதே ரேகை பதிவில் உள்ளது'ன்னுச்சு. வேலை செஞ்சு செஞ்சு ரேகை அழிஞ்ச கைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, 'ரேகை தேய்ந்தவர்.' அதையும் அமுக்கினேன். வேல்கம்பு பிடிச்ச கை, தேயாம என்ன செய்யும். 'இதே பெயர் பதிவில் உள்ளது.' அதுதான் ரொம்பச் சுலபம். ஒரே சாமி பேரை வச்சுட்டுப் பெரியகருப்பன், நடுக்கருப்பன், சின்னக்கருப்பன்னு கூப்பிடுற ஊருங்க இது.

"உங்கள்ல யாருப்பா பெரியவன்?"

எங்க இருளப்பன் வந்தவனைக் காட்டினான். "அவன்தான் தாயி. பசியோட வந்திருக்கான்ல."

பெரிய இருளப்பன்னு எழுதினேன். பச்சை விளக்கு எரிஞ்சது. பி பிரிவு நூத்தியொண்ணு. வண்டி கிளம்பிட்டதாச் சமையல்கூடத்துலேர்ந்து தகவல் வந்துச்சு. மிச்சம் அறுபத்தொரு பேரையும் எழுதியாகணும். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்துச்சு.

அடுத்தவனை எழுத விடாம பலகை ஒரு கேள்வி கேட்டுச்சு. 'இவருக்கு வேறு உடன்பிறந்தோர் உண்டா?'

உண்டுன்னு போட்டேன்.

'எத்தனை பேர்?'

ஜன்னல் வழியாப் பார்த்தேன். ரெண்டாவது ஷோவுக்கு வார்த்தவங்களை ஏத்தின பஸ் கேட்டுல திரும்பிக்கிட்டிருந்துச்சு.